சோலார் வேலியில் ஷாக் குறைகிறதா? கீழ்க்கம்பியைப் பாருங்கள்

பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் வேலியோரம் ஒரு நடை நடந்து பாருங்கள். ஈரப்புல்லோ கோவைக்கொடியோ கீழ்க்கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். பத்து இடத்தில் தொட்டால் பன்றிக்கு உறைக்கிற அளவுக்கு ஷாக் மிஞ்சாது.

எனர்ஜைசரை (வேலிக்கம்பிக்கு ஷாக் அனுப்பும் பெட்டி) அணைத்துவிட்டு, கம்பிக்கு இருபுறமும் ஒன்றரை அடி செதுக்குங்கள். தூணடியில் களைக்கொத்துதான் சரி. புல்வெட்டும் மெஷினின் நைலான் நரம்பு தூணில் பட்டு அறுந்துகொண்டே இருக்கும்; பிளேடு போட்டால் கம்பிக்கே ஆபத்து.

சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டுவது வீண் வேலை. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்து மறுபடி புதராகத் துளிர்க்கும். சுற்றிலும் ஓரடி ஆழம் தோண்டி, அந்தக் கழுத்தோடு கடப்பாரையால் நெம்பி எடுக்க வேண்டும். நல்ல மழைக்கு மறுநாள் மண் இளகியிருக்கும், வேலை பாதியாகும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். கையுறை கட்டாயம், சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

செதுக்கிய இடத்தில் களைத்தடுப்பு விரிப்பு போட்டு, விளிம்புகளை நாலு அங்குலம் மண்ணில் புதைத்தால் காற்றில் தூக்காது. காய்ந்த தென்னை மட்டை மூடாக்கு இங்கே வேண்டாம், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். உப்புக்கரைசல் தெளித்தால் பார்த்தீனியம் கருகும்தான், ஆனால் மண் கெடும், கம்பியும் துருப்பிடிக்கும். வேலியோரம் தீ வைக்கவே கூடாது: கம்பியைத் தூணில் படாமல் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இன்சுலேட்டர் உருகி, கம்பியின் துத்தநாகப் பூச்சும் போய்விடும்.