புரட்டிப் போடும் மெத்தையா, ஒருபக்க மெத்தையா?

இலவம்பஞ்சு மெத்தையை மொட்டைமாடியில் வெயில் காட்டி, கோலால் தட்டி, மறுபக்கத்தை மேலாக்கி விரித்துப் பழகிய கை, புதிதாக வாங்கிய மெமரி ஃபோம் மெத்தையையும் அப்படியே புரட்டிவிடுகிறது. அந்த மெத்தையில் உடற்சூட்டுக்கு இளகும் அடுக்கு மேலேயும், பாரம் தாங்கும் கெட்டியான ஃபோம் கீழேயும் ஒட்டப்பட்டிருப்பதால், புரட்டியதும் இரண்டுமே தத்தம் வேலையைச் செய்ய முடியாமல் போகின்றன. மேற்புறம் மட்டும் தனியாக மெத்து வைத்துத் தைத்த ஸ்பிரிங் மெத்தையும் இப்படித்தான். இவற்றைத் தலைமாடு கால்மாடாக மாற்றிப் போடலாமே தவிர, புரட்டக் கூடாது.

முழுவதும் தேங்காய் நாரால் ஆனது, ஒரே ஃபோமால் அல்லது லேடெக்ஸ் என்னும் ரப்பர் நுரையால் ஆனது, நடுவில் ஸ்பிரிங்கும் இருபுறமும் ஒரே கனத்தில் மெத்தும் கொண்டது ஆகியவை புரட்டத் தக்கவை. கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், மெத்தையின் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பூத்தையல் இல்லாமல், கட்டிலில் வழுக்காதிருக்கப் புள்ளி புள்ளியாக ரப்பர் பதித்த துணி அங்கே இருந்தால், அநேகமாக அது ஒருபக்க மெத்தைதான். உறையில் ஜிப் இருந்தால், அனுமதி கேட்டு ஒரு சாண் திறந்து அடுக்குகளையே பார்த்துவிடலாம்.

ஒருபுறம் கெட்டி, மறுபுறம் மென்மை என்று விற்கப்படும் மெத்தையை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெரும்பாலோர் தமக்குப் பிடித்த பக்கத்திலேயே படுப்பதால், தேய்மானம் இருபுறமும் பகிரப்படுவதில்லை; எந்தக் கெட்டித்தன்மை ஒத்துவரும் என்று தெரியாதவர்களுக்கு மட்டும் அது உதவும்.

முடிவெடுக்கும்போது பலர் மறப்பது எடையை. 6 அடி நீளம், 5 அடி அகலம், 6 அங்குலக் கனம் உள்ள மெத்தை, கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தியுள்ள ஃபோமால் ஆனதென்றால் சுமார் 17 கிலோ இருக்கும்; 80 கிலோ அடர்த்தியுள்ள நார் மெத்தையென்றால் சுமார் 34 கிலோ. அதைச் சுவரோரக் கட்டிலில், மின்விசிறியில் இடிக்காமல், நிமிர்த்திப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். வயதான இருவர் மட்டும் வாழும் வீட்டில் அது நடக்காது. அங்கே ஒருபக்க மெத்தையே பொருத்தம். ஆனால் அதன் மேலடுக்கு நைந்துபோனால் மாற்றிப் படுக்க மறுபக்கம் இல்லை என்பதால், மேலடுக்கின் கனத்தையும் அடர்த்தியையும் கேட்டறிந்தே வாங்க வேண்டும். ஆள்பலம் இருந்து, மெத்தையைத் தரையிலோ காற்றுப் புகாத பலகைக் கட்டிலிலோ போடுபவர்கள் புரட்டக்கூடியதை வாங்கலாம். புரட்டும்போதெல்லாம் அடிப்பக்க ஈரமும் ஆறிவிடும்.

எதை வாங்கினாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெத்தை கிடக்கும் வாக்கை மாற்றுங்கள். புரட்டுவதாக இருந்தால், ஒருமுறை புரட்டல், அடுத்தமுறை தலைமாடு மாற்றல் என்று மாறி மாறிச் செய்து, தேதியை மெத்தையின் பக்கவாட்டுப் பட்டியில் பென்சிலால் குறித்து வையுங்கள். நடுவில் பள்ளம் விழுந்ததாகத் தோன்றினால், மெத்தையின் குறுக்கே நூலை இறுக்கிப் பிடித்து, நூலுக்கும் துணிக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்து, எத்தனை அங்குலப் பள்ளத்துக்கு உத்தரவாதம் என்று அட்டையில் உள்ளதோ, அதோடு ஒப்பிடுங்கள்.