கை வலிக்கிறதா? டென்னிஸ் ராக்கெட்டை முதலில் தராசில் வையுங்கள்

முழங்கை லேசாக வலிக்கிறது என்று கடையில் சொன்னதும் கையில் கொடுத்தது 260 கிராம் ராக்கெட். "லைட்டா இருக்கும் சார், கைக்கு இதம்" என்றார்கள், நானும் நம்பி வாங்கினேன். மூன்றே வாரத்தில் காபி டம்ளரைத் தூக்கினாலே முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்றது.

முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கும் இந்த டென்னிஸ் எல்போ என்றாலே நமக்கு 2004-ல் சச்சின் பட்ட பாடுதான் ஞாபகம் வரும். அவர் மட்டை கனமானது என்பதும் ஊரறிந்த சங்கதி, அதனால் கனம்தான் எதிரி என்று மனதில் பதிந்துவிட்டது. டென்னிஸில் கணக்கு வேறு. பந்து 56 முதல் 59 கிராம் வரை இருக்கும், ஸ்ட்ரிங்கில் அது தங்குவது ஒரு நொடியில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு நேரம், அதற்குள் ராக்கெட் பின்னால் உதறி, பந்து ஓரத்தில் பட்டால் முறுக்கவும் செய்கிறது. எடை குறையக் குறைய இந்த உதறல் கூடும். உடனே நாம் பிடியை இறுக்குகிறோம், அப்படி இறுக்கும்போது வேலை செய்கிற தசைகளின் முனை போய் ஒட்டியிருப்பதோ வலிக்கிற அந்த எலும்பில்தான்.

சரி, என்ன செய்வது? சமையலறைத் தராசில் ராக்கெட்டை நிறுத்துப் பாருங்கள். ஃபிரேமில் போட்டிருப்பது பெரும்பாலும் ஸ்ட்ரிங் இல்லாத எடை, ஸ்ட்ரிங் சேர்ந்தால் 15 கிராம் போலக் கூடும். வாரத்தில் மூன்று நாள் ஆடுகிற வயதுவந்தவர் என்றால் எல்லாம் சேர்ந்து 310 முதல் 325 கிராம் வரை தேடலாம் என்பது என் அபிப்பிராயம். அப்புறம் ராக்கெட்டை விரல்மேல் கிடத்தி, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். வழக்கமான 27 அங்குல ராக்கெட்டில் அந்தப் புள்ளி கைப்பிடி முனையிலிருந்து 34 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. தலை கனத்த லைட் ராக்கெட் வேண்டவே வேண்டாம்.

புதிதாக வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. சிந்தெடிக் கிரிப்பைக் கழற்றிவிட்டு லெதர் கிரிப் சுற்றினாலே பத்து கிராம் அளவுக்குக் கூடும், அதுவும் கைப்பிடிப் பக்கம் என்பதால் வீசும்போது பெரிதாகத் தெரியாது. ஒரேயடியாக ஏற்றிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் ஆடிய பிறகு பந்தைத் தாமதமாக அடிக்கிறீர்கள், தோள் கனக்கிறது என்றால் உங்களுக்கு அது அதிகம், சில கிராம் குறையுங்கள்.

எடையை மட்டும் சரிசெய்துவிட்டு விறைப்பான பாலியஸ்டர் ஸ்ட்ரிங்கை 56 பவுண்டு இழுவிசையில் இழுத்துக் கட்டினால் எல்லாம் வீண். மெல்லிய இழைகள் பல சேர்ந்த மிருதுவான மல்டிஃபிலமென்ட் ஸ்ட்ரிங்குக்கு மாறுங்கள், 50 பவுண்டு பக்கம் இறக்குங்கள். ஸ்ட்ரிங்கில் செருகும் அந்தச் சின்ன ரப்பர் துண்டு இருக்கிறதே, அது சத்தத்தை மட்டும்தான் குறைக்கும், உதறலை அல்ல. டம்ளர் தூக்கவே வலிக்கிற நிலையில் இருந்தால் இதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.