தரைச் சிலந்தியா, ஓநாய்ச் சிலந்தியா? பெயர் வைக்கும்போது நேரும் தவறுகள்

கல்லைப் புரட்டியதும் ஒரு பழுப்புச் சிலந்தி விருட்டென்று ஓடுகிறது. உடனே ‘ஓநாய்ச் சிலந்தி’ என்று எழுதிவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் குறித்து வைத்தேன். பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அவற்றில் பல வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை என்று தெரிந்தது.

நிறத்தை நம்புவதுதான் முதல் தவறு. மண்ணில் வாழ்பவை மண் நிறத்தில்தான் இருக்கும்; அதில் உறவு எதுவும் தெரியாது. முகத்தைப் பாருங்கள். ஓநாய்ச் சிலந்திக்குக் கீழே நான்கு சிறு கண்கள் ஒரே வரிசையில் இருக்கும். அதற்கு மேலே, வண்டியின் முன்விளக்குகள் மாதிரி இரண்டு பெரிய கண்கள். இன்னும் இரண்டு, தலையின் மேல்புறத்தில் பின்தள்ளி இருக்கும். இரவில் டார்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடித்துப் புல்தரையைப் பாருங்கள், பச்சைப் பொறிகளாக அந்தக் கண்கள் மின்னும். ‘தரைச் சிலந்தி’ என்றே பெயர் பெற்ற நஃபோசிடே குடும்பத்துக்கோ நாலு நாலாக இரண்டு வரிசை, எல்லாம் சிறிய கண்கள். பின்வரிசையின் நடுவில் உள்ள இரண்டும் பெரும்பாலும் நீள்வட்டமாக, சாய்ந்து, வெள்ளி நிறத்தில் தெரியும்.

முகம் சரியாகத் தெரியவில்லையா? சரி, வால்பக்கம் போகலாம். வயிற்றின் நுனியில் நூல் விடும் காம்புகள் இருக்கின்றன. நஃபோசிடேவில் அவை இரண்டு சிறு குழாய்களைப் போல உருண்டு நீண்டு, நடுவே இடைவெளி விட்டு நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தாலே தெரியும். இலையைச் சுருட்டிக் கூடு கட்டும் குளூபியோனிடே சிலந்திகளுக்கு அவை கூம்பாக, ஒன்றையொன்று ஒட்டியபடி இருக்கும். நஃபோசிடேவின் குழாய்கள் வெறும் அடையாளக்குறி அல்ல. அவற்றிலிருந்து வரும் பசை நூலை இரையின் கால்களில் சுற்றிக் கட்டிப்போட்டுத்தான், தன்னையொத்த இன்னொரு சிலந்தியைக்கூட அந்தத் தரைச் சிலந்தி பிடிக்கிறது.

‘வலை இருக்கிறது, அப்படியானால் ஓநாய்ச் சிலந்தி இல்லை’ என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. நம் ஊர்ப் புல்தரையில் பனி விழுந்த காலையில் வெள்ளைத் துணி விரித்தாற்போல வலைகள் தெரியும். ஓரத்தில் ஒரு புனல், அதன் வாயில் முன்கால்கள் மட்டும் வெளியே தெரிய ஒரு சிலந்தி. அது ஹிப்பாசா, ஓநாய்ச் சிலந்திக் குடும்பம்தான். அதே மாதிரி புனல் கட்டும் அஜெலெனிடே என்று தனிக் குடும்பம் இருப்பதால் குழப்பம் வருகிறது. கண் வரிசையைப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முட்டைப் பையைச் சுமக்கும் தாயைப் பார்த்தால் உங்களுக்கு வேலை மிச்சம். ஓநாய்ச் சிலந்தி அதைப் பின்பக்கக் காம்புகளில் ஒட்டி இழுத்துக்கொண்டு போகும். பை தொலைந்தால் தேடும். அதே அளவில் ஒரு தக்கை உருண்டை கிடைத்தால் அதையும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிடிப்பை நினைத்தாலே மனசு இளகும். குஞ்சுகள் பொரித்ததும் அம்மாவின் முதுகில் ஏறிக்கொள்ளும். பிசௌரிடே என்ற வேறு குடும்பத்துத் தாயோ பையை வாயில் கவ்வி, உடலுக்கு அடியில் வைத்துச் சுமக்கும்.

அப்புறம், பெரிய உடம்பும் மண்ணில் தோண்டிய வளையும் இருந்தால் டரான்டுலா என்று முடிவு கட்டுவது. இத்தாலியின் தாரந்தோ நகரை ஒட்டி அந்தப் பெயரை முதலில் பெற்றதே ஓர் ஓநாய்ச் சிலந்திதான். வெப்பமண்டலத்தின் பெரிய மயிர்ச் சிலந்திகளுக்கு அது பிறகு போய்ச் சேர்ந்தது. ஓநாய்ச் சிலந்திகளில் பலவும் வளை தோண்டும். வேறுபாடு நச்சுப்பற்களில் இருக்கிறது. டரான்டுலாவுக்கும் பொறிக்கதவுச் சிலந்திக்கும் அவை இரண்டும் இணையாகக் கீழ்நோக்கி மடங்கும். ஓநாய்ச் சிலந்தி உட்பட மற்ற பெரும்பாலானவற்றில் இடுக்கி போல எதிரெதிரே வந்து சேரும்.

கடைசியாக, இனப்பெயர் வரை போக அவசரப்படுவது. ஓநாய்ச் சிலந்திகளில் மட்டும் 2,400க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றை உறுதி செய்ய முதிர்ந்த ஆணின் வாயருகே உள்ள உணர்கால்களையோ பெண்ணின் வயிற்றடி இனப்பெருக்க உறுப்பையோ உருப்பெருக்கியில் பார்த்தாக வேண்டும். குட்டிச் சிலந்தியின் படத்துக்குக் குடும்பப் பெயர் எழுதி நிறுத்துவதே நேர்மை.

படம் எடுக்கும்போது முதுகை மட்டும் எடுக்காதீர்கள். கண்ணாடிக் கோப்பையில் மெதுவாகப் பிடித்து முகம், முதுகு, வயிற்றின் அடி, வால்நுனி என நான்கு படம் எடுங்கள். பிறகு எந்தக் கல்லடியில் எடுத்தீர்களோ அங்கேயே விட்டு, கல்லையும் பழையபடி மூடிவிடுங்கள்.