நீலகிரிச் செம்மண்ணில் நீர் கசியாத கலம்: சேர்மானம் அறிந்து சுடும் முறை

கோத்தகிரிப் பக்கம் தோட்டத்து மேட்டை வெட்டும்போது கிடைக்கும் செம்மண்ணில் குவளை வனைந்து, 1,200 பாகை செல்சியஸ் வரை சுட்ட பின்னும், அதில் ஊற்றிய நீர் மறுநாள் காலையில் மேசைமேல் ஈர வளையமாகக் கசிந்திருப்பதைக் கண்டால், அடுத்த முறை சூட்டைக் கூட்டவே மனம் சொல்லும். நானும் கூட்டிப் பார்த்தேன். குவளை இன்னும் சற்றுச் சுருங்கியது, கசிவு நிற்கவில்லை. குறை மண்ணின் சேர்மானத்தில் இருந்தது.

சூளையில் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இடையிலுள்ள துளைகள் அடைபட்டு, கலம் சுருங்கி இறுகுவதையே சின்டரிங் என்கிறார்கள். களிமண் கலங்களில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது, உயர்ந்த சூட்டில் உருகிக் கண்ணாடிக் குழம்பாகித் துகள்களுக்கு இடையே பரவும் ஒரு சிறு பகுதிதான். பொட்டாசியம், சோடியம், கால்சியம் ஆகியவற்றைக் கொண்ட கனிமங்களே அந்தக் குழம்பைத் தருகின்றன. அவற்றை இளக்கிகள் என்போம். நம் மலையில் சார்னோகைட் பாறை நெடுங்காலம் மழையில் ஊறிச் சிதைந்தபோது, இந்த இளக்கிகள் கரைந்து ஓடிவிட்டன. கயோலினைட் என்ற களிமண் கனிமம், கிப்சைட் என்ற அலுமினியக் கனிமம், இரும்பு ஆக்சைடு ஆகியவையே பெரும்பாலும் எஞ்சி நிற்கின்றன. தூய கயோலினைட் சுடும்போது தன் எடையில் ஏறத்தாழ 14 சதவீதத்தை நீராக இழக்கும். கிப்சைட்டோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும். அவ்வளவு நீர் வெளியேறிய இடமெல்லாம் துளையாக நிற்க, அதை நிரப்பக் குழம்பு போதாமல் போவதே கசிவுக்குக் காரணம். கோத்தர் குலப் பெண்கள் திறந்த நெருப்பில் சுட்டெடுக்கும் பானைகளில் துளைகள் இருப்பது சமையலுக்கு நன்மையே. திடீர்ச் சூட்டை அவை தாங்குகின்றன. தேநீர்க் குவளைக்கு வேண்டியது வேறு.

முதலில் மேல்மண்ணை ஒதுக்குங்கள். சோலையும் புல்வெளியும் தந்த கரிமப் பொருள் அதில் மிகுதி. அது எரிந்து தீருமுன் மேற்பரப்பு மூடிக்கொண்டால் கலத்தின் நடுவில் கருமை தங்கும், சில வேளை உப்பி வெடிக்கும். கீழ்மண்ணை எடுத்துக் கரைத்து, 80 கண் சல்லடையில் வடித்து, முழுவதும் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் இந்த உலர்த்தலைத் தவறவிட்டால் கணக்கே மாறிவிடும்: 12 சதவீத ஈரமுள்ள மண் 750 கிராமும், இளக்கியாகச் சேர்க்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் உலர்ந்த தூள் 250 கிராமும் நிறுத்துப் போட்டால், ஃபெல்ட்ஸ்பார் 25 சதவீதம் என்று நீங்கள் எண்ணுவது உண்மையில் 27 சதவீதத்தைத் தாண்டியிருக்கும்.

அடுத்ததே முதன்மையான வேலை. கரூர்ப் பக்கத்திலிருந்து வரும் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் தூளை 0, 5, 10, 15, 20, 25 சதவீதமாகச் சேர்த்து ஆறு கலவைகள் செய்யுங்கள். தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் அணிந்து, நீரில் நனைத்தே கலக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு வில்லை தட்டி, ஈரத்திலேயே 10 சென்டிமீட்டர் கோடு கீறி, எண் பொறியுங்கள். இரு முனைகளை மட்டும் தாங்கி நடுவில் வெற்றிடம் விட்டு வைக்கும் மெல்லிய பட்டை ஒன்றும் வேண்டும். குழம்பு மிகுந்தால் அது தொய்ந்து காட்டிவிடும். சோடா ஃபெல்ட்ஸ்பார் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் குழம்பு நீர்த்து ஓடுவதால், கலம் இறுகும் சூட்டுக்கும் வளையும் சூட்டுக்கும் உள்ள இடைவெளி குறுகிவிடுகிறது. பொட்டாஷ் குழம்பு கெட்டியானது. சூளையில் 20 பாகை ஏறினாலும் இறங்கினாலும் பொறுத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சேர்மானம் இன்னும் திடீரென இளக்கும். சுக்கான்கல் துண்டு ஒன்று மண்ணில் தங்கினாலும், சுட்ட பின் ஈரம் இழுத்துப் பூத்து, கலத்தின் மேல் சில்லு தெறிக்கும்.

வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) தூள் சுருக்கத்தைக் குறைத்து உருவத்தைத் தாங்கும். ஆனால் 573 பாகையில் அது திடீரென அளவு மாறுவதால், சூடேற்றும்போதும் ஆறவிடும்போதும் அந்த இடத்தை மெல்லக் கடக்க வேண்டும்.

உதகையின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதிக்கும். எனவே ஈரம் போக்கும் கட்டத்தை 80 பாகையில் நிறுத்திவையுங்கள். பிறகு 700 முதல் 900 வரை மெதுவாக ஏற்றிக் கரியை எரிய விடுங்கள். எரிவாயுச் சூளை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கே என்பதால், சமவெளிக்கு அமைத்த பர்னரில் தீ எளிதில் காற்றுக்குத் திணறுகிறது. காற்றுக் குறைந்த தீயில் சிவப்பு இரும்பு ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து தானே ஒரு வலிய இளக்கியாகிவிடும். சேர்மானம் மாறாமலே கலம் முன்னதாக உருகித் தொய்யும். வில்லைகள் சிவப்பை இழந்து கருத்து வந்தால் இதையே முதலில் ஐயுறுங்கள்.

சுட்ட வில்லையை எடை பார்த்து, ஐந்து மணி நேரம் நீரில் கொதிக்க வைத்து, அதே நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, மேலீரத்தைத் துடைத்து மறுபடி நிறுங்கள். கூடிய எடையை உலர்ந்த எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் நீர் உறிஞ்சும் சதவீதம் கிடைக்கும். அது 2க்குக் கீழே இறங்கியும் பட்டை தொய்யாமலும் நிற்கும் மிகக் குறைந்த ஃபெல்ட்ஸ்பார் அளவே உங்கள் மண்ணுக்கு உரியது. கோட்டின் சுருக்கத்தையும் உடன் எழுதி வையுங்கள். உறிஞ்சல் குறைந்துகொண்டே போக, சுருக்கம் மட்டும் திடீரெனப் பின்வாங்கினால், உள்ளே குமிழ் எழும்பிக் கலம் உப்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். வேறொரு மேட்டில் மண் எடுக்கும் நாளில், அது நூறு அடி தள்ளியதாகவே இருந்தாலும், இந்த ஆறு வில்லைகளை மறுபடி சுட்டுப் பாருங்கள்.