பழைய அலங்காரப் பெட்டிகள்: ஊரையும் வயதையும் கணிப்பதில் நேரும் தவறுகள்

பழைய பெட்டி ஒன்று கைக்கு வந்ததும் நாம் முதலில் பார்ப்பது மூடியின் வேலைப்பாட்டை. கடைசியில் பார்ப்பது, பல வேளைகளில் பார்க்காமலே விடுவது, அடிப்பலகையை. பெரும்பாலான பிழைக் கணிப்புகள் இந்த வரிசையில்தான் பிறக்கின்றன. வேலைப்பாடு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பரவும். விலை கிடைக்கும் என்றால் இன்றும் அப்படியே செய்து தருவார்கள். மரம், பலகைகளை இணைத்த முறை, உட்புறம், அடிப்புறம் ஆகியவற்றைப் பழையதுபோல ஆக்கும் அளவுக்கு மெனக்கெடுவோர் குறைவு.

வாங்கிய ஊரைச் செய்த ஊராக எடுத்துக்கொள்வது முதல் தவறு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வாங்கிய எதையும் 'செட்டிநாட்டுப் பெட்டி' என்று குறித்துவைப்போர் உண்டு. நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா எனக் கடல் கடந்து வணிகம் செய்தவர்கள். அவர்கள் வீட்டுப் பொருள்களும் அந்தந்தத் துறைமுகங்களிலிருந்து வந்தவை. கூரை போல நாற்புறமும் சரிந்த மூடியும் பித்தளைப் பட்டைகளும் கொண்ட நகைப்பெட்டி எங்கே கிடைத்தாலும் அது கேரளத்து வடிவம். தலச்சேரிக்கு அருகிலுள்ள நெட்டூரின் பெயரால் அதை நெட்டூர்ப் பெட்டி என்பார்கள். அந்த வடிவம் இன்றும் செய்யப்படுகிறது என்பதால், மூடியின் சரிவு வயதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

முள்ளம்பன்றி முள் பதித்த பெட்டிகளில் குழப்பம் இன்னும் அதிகம். இலங்கையின் தென்கோடியிலுள்ள காலி நகரம் இவ்வேலைக்குப் பெயர் பெற்றது. கொழும்புத் துறைமுகத்தில் 1880-களில் அலைதடுப்புச் சுவர் எழும்வரை நீராவிக் கப்பல்கள் காலியில்தான் நின்று சென்றன. பயணிகள் வாங்கிப்போன பெட்டிகள் இன்று இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கின்றன. கருங்காலிச் சட்டமும், அதில் தந்தப் புள்ளிகளும், மூடியின் உட்புறத்தில் பல நிற மரத்துண்டுகளால் ஆன பதிப்பும் இருந்தால் காலியை முதலில் எண்ண வேண்டும். முள்ளும் கொம்பும் விசாகப்பட்டினத்துப் பெட்டிகளிலும் உண்டு. ஆனால் அங்கே உள்மரம் பெரும்பாலும் சந்தனம், ஓரத் தந்தத் தகடுகளில் கோடு கீறிக் கருப்பு அரக்கு நிரப்பியிருப்பார்கள். விசாகப்பட்டினத்தின் பழைய வேலையில் தந்தத்தை மரத்துக்குள் குடைந்து பதித்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான் மரத்தை முழுவதும் தந்தத் தகட்டால் போர்த்தும் வழக்கம் வலுத்தது. ஆகவே முள்ளைப் பார்த்ததும் முடிவுகட்டாமல் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது.

பொடிப்பொடியான வடிவங்களைச் சேர்த்துச் செய்த சித்திரப் பதிப்பிலும் இதே கதைதான். பம்பாய் வேலையில் தந்தம், கொம்பு, உலோகம் ஆகியவற்றின் மெல்லிய குச்சிகளைக் கட்டாக ஒட்டி, குறுக்கே சீவி எடுத்த தகடுகளைப் பதித்தார்கள். இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் பெட்டிகளும் இம்முறையில் ஆனவையே என்றாலும், அங்கே குச்சிகள் மரத்தால் மட்டுமே ஆனவை.

இனி, நம் மொழியே உண்டாக்கும் ஒரு குழப்பம். அரக்கு என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களை அழைக்கிறோம். இந்திய அரக்கு பூச்சியிலிருந்து கிடைப்பது; பர்மிய அரக்கு மரத்தின் பால். பர்மாவின் பகானில் செய்யப்படும் அரக்குப் பெட்டிகளில் உள்ளே இருப்பது பெரும்பாலும் பின்னிய மூங்கில். செட்டிநாட்டு வீடுகளில் கிடைக்கும் அத்தகைய பெட்டியை மரப்பெட்டி என்று விற்பவர் பெட்டியின் எடையைக்கூடக் கவனிக்கவில்லை என்று பொருள். பூச்சி அரக்கு எரிசாராயத்தில் கரையும், மரப்பால் அரக்கு கரையாது என்பது உண்மை; அதற்காகப் பெட்டியின் முகத்தில் பஞ்சை வைத்துத் தேய்த்துப் பார்ப்பது அழிவு வேலை.

நான் மிகுதியாகக் காணும் தவறு, ஐரோப்பிய மரச்சாமான்களுக்கான கால விதிகளை நம் பெட்டிகளுக்கு அப்படியே பொருத்துவது. கூர்முனை திருகாணி 1840-களுக்குப் பின் பரவியது, நட்சத்திரத் தலைத் திருகாணி 1930-களில் வந்தது, வட்ட ரம்பத்தின் வளைந்த தடம் 19ஆம் நூற்றாண்டுக்கு முன் கிடையாது என்பவை சரியே. ஆனால் இவை ஒரு திசையில் மட்டும் செல்லும் சான்றுகள். நட்சத்திரத் தலைத் திருகாணி பெட்டி செய்தபோதே முடுக்கியதாக இருந்தால் பெட்டி 1930-க்கு முந்தியதன்று. திருகாணியின் மழுங்கிய முனையும் கைரம்பத் தடமும் இருப்பதால் மட்டும் பெட்டி 1840-க்கு முந்தியதாகிவிடாது. நம் ஊர்த் தச்சுப்பட்டறைகளில் கைரம்பமும் இழைப்புளியும் 20ஆம் நூற்றாண்டிலும் ஓயவில்லை. பலகை முனைகளில் புறா வால் போல் விரிந்த பற்கள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டிருப்பது கைவேலைக்குச் சான்று, வயதுக்குச் சான்றன்று.

பூட்டை வைத்து முழுப் பெட்டியின் வயதைச் சொல்வதும் இத்தகையதே. இங்கிலாந்தின் பிராமா பூட்டுக்குக் காப்புரிமை 1784-இல் பெறப்பட்டது, அங்கேயே சப் என்னும் பூட்டுக்கு 1818-இல். இந்த ஆண்டுகள் பூட்டின் வயதுக்கு எல்லை சொல்லும், பெட்டியின் வயதுக்கு அல்ல. பூட்டைச் சுற்றிப் பழைய ஆணித் துளைகளோ, வேறு அளவுத் தகடு இருந்த நிறமாற்றமோ தெரிந்தால் அது பிறகு மாற்றப்பட்டது. உள்ளே ஒட்டிய செய்தித்தாளும் அப்படித்தான்: அது ஒட்டிய நாளுக்கு முன் பெட்டி இருந்தது என்பதைக் காட்டும், அவ்வளவே. அடியில் 'சிலோன்' என்று இருந்தால் பெரும்பாலும் 1972-க்கு முந்தியது எனலாம். எந்த முத்திரையும் இல்லாததைப் பழமைக்கு அடையாளமாக்குவது சரியன்று. அமெரிக்கா 1891-இல் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் கேட்டபோதும், அது அங்கே போன சரக்குக்கு மட்டுமே பொருந்தியது, ஒட்டிய தாள்களோ உதிர்ந்துபோயின.

தந்தமா எலும்பா என்று அறியச் சூட்டூசி வைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி போதும்: எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும், யானைத் தந்தத்தின் குறுக்கு வெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும், சீராக இணைகோடுகள் மட்டும் ஓடினால் அது செல்லுலாய்டு. தந்தம் எவ்வளவு பழையதானாலும் இந்தியாவில் அதை வாங்கி விற்பது சட்டப்படி குற்றம் என்பதையும், நூறாண்டைக் கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது என்பதையும் விற்பவர் பெரும்பாலும் சொல்லமாட்டார்.

சந்தன வாசனையை நம்பாதீர்கள். எண்ணெய் தடவினால் எந்த மரமும் மணக்கும். தேய்மானம் கை படும் இடங்களில், அதாவது மூடியின் முன்விளிம்பிலும் அடி மூலைகளிலும், மிகுந்திருக்க வேண்டும். எங்கும் ஒரே சீராகத் தேய்ந்த பெட்டியைத் தேய்த்தவர் அண்மைக்காலத்தவர். வாங்கியதும் மெருகெண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவது, பிறகு யாரும் படிக்க முடியாதபடி எல்லாச் சான்றையும் ஒரே நாளில் மூடிவிடும். என் பெட்டிகளுடன் கட்டும் சீட்டில் நான் ஆண்டு எழுதுவதில்லை. 'காலி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியாகலாம். பூட்டும் உள்துணியும் பிற்காலத்தவை' என்று மட்டும் எழுதி, எதைக் கண்டு அப்படிச் சொன்னேன் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுகிறேன்.