மல்லிகை மணக்கவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நாள் முழுக்க லோரி ஓடும். போன வருடம் பால்கனியில் இருந்த மல்லிகையின் முற்றிய இலைகளில் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. பூவிலும் வாசம் குறைந்த மாதிரி இருந்தது. பூச்சிதான் என்று நினைத்து மருந்தடித்தேன். அதோடு ஒரு கை யூரியாவும் போட்டேன். இரண்டுமே தப்பு.

மருந்தை எடுப்பதற்கு முன்னால் இலையைத் திருப்பிப் பாருங்கள். சிலந்திப்பேன் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும். வெள்ளைக் காகிதத்தின் மேல் இலையைத் தட்டினால் உதிர்ந்து, மெல்ல நகரும். காகிதத்தில் எதுவும் நகரவில்லை, புள்ளிகள் நரம்புகளுக்கு நடுவே, மேல்பக்கத்தில் மட்டும் இருக்கின்றன என்றால் ஓசோனைச் சந்தேகிக்கலாம். வாகனப் புகையில் வெயில் படும்போது உருவாகும் வாயு அது. இலைத்துளை வழியே உள்ளே போய்ச் செல்களைச் சாகடிக்கும். செடியும் சும்மா இருக்காது. ஜாஸ்மோனேட் போன்ற தற்காப்புப் பொருள்களைச் சுரக்கும். அந்தப் பெயரே மல்லிகையிலிருந்து வந்ததுதான்: மெத்தில் ஜாஸ்மோனேட்டை 1962-இல் பிச்சி வகை மல்லிகையின் எண்ணெயில்தான் கண்டெடுத்தார்கள். இப்படிப் போராடும் நேரத்தில் யூரியா போட்டால் இலை கொழுகொழுவென்று தளிர்த்து சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத்தான் கூப்பிடும்.

அடுத்தது வாசம். மணம் குறைந்தால் செடிக்குச் சத்து போதவில்லை என்று நினைக்கிறோம். பல நேரம் பூ மணத்தை விட்டுக்கொண்டுதான் இருக்கும், காற்றில்தான் அது சிதைகிறது. லினலூல், துளசியின் தாவரப் பெயரை ஒட்டிப் பெயர் பெற்ற ஓசிமீன் போன்ற மணப்பொருள்களைப் பகலில் ஓசோன் சிதைக்கிறது. இரவில், புகையிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடும் ஓசோனும் சேர்ந்து உருவாகும் நைட்ரேட் ரேடிக்கல் அதைவிட வேகமாகச் சிதைக்கிறது. மல்லிகை மலர்வது அந்தியில், அதனால் நைட்ரேட்டிடம்தான் மாட்டும். அமெரிக்காவில் இரவில் பூக்கும் ஒரு காட்டுச் செடியை வைத்து நடந்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. மாசால் மணம் சிதைந்தபோது, பூவைத் தேடி வந்த பருந்து அந்துப்பூச்சிகள் பாதிக்கும் மேல் குறைந்துபோயின. ஆகவே உரம் வாங்கும் முன் இரவு எட்டு மணிக்குப் பூவுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். கிட்டத்தில் மணந்தால் செடி நன்றாகத்தான் இருக்கிறது.

சாலையை விட்டுத் தள்ளி வைத்தால் போதும் என்பதும் சரியில்லை. புதிதாக வரும் வாகனப் புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைக் கொஞ்சம் தின்றுவிடும். அதனால் சாலையோரத்தைவிட ஊருக்கு வெளியே ஓசோன் கூடுதலாக இருப்பதுண்டு.

அப்புறம் இந்தோனேசியக் காட்டுத்தீயால் வரும் புகைமூட்டம். 2015, 2019 மாதிரி வந்தால் வெளிச்சம் குறையும், மண் சீக்கிரம் காயாது. வழக்கம்போல ஊற்றினால் வேர் அழுகிவிடும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். காலையில் சாதாரணத் தண்ணீரால் இலையில் படிந்த தூசியைக் கழுவிவிடுங்கள்.

புள்ளி விழுந்த இலைகளையெல்லாம் கிள்ளிப் போடாதீர்கள். முழுக்கக் காய்ந்ததை மட்டும் எடுத்தால் போதும். பாதி பச்சை இருந்தாலும் அந்த இலை செடிக்குச் சோறு ஆக்கிக்கொண்டுதான் இருக்கும்.