செக்கு எண்ணெய்க்கு 30 வினாடி ரீல்ஸ்

விளம்பர ரீல்ஸை (இன்ஸ்டாகிராம் குறு வீடியோ) கடைப் பலகையைக் காட்டித் தொடங்காதீர்கள். பார்ப்பவர் விரல் அங்கேயே தள்ளிவிடும். முதல் 2 வினாடியில் ஒரு குறை தெரிய வேண்டும்: தட்டில் இட்லிப் பொடி, நடுவே குழி, பாட்டி கையில் காலி பாட்டில். கதை தொடங்கிவிட்டது. அடுத்த 20 வினாடி, பேரன் எண்ணெய் வாங்க ஓடுவது. செக்கு சுற்றுவதும் எண்ணெய் வடிவதும் அந்த ஓட்டத்துக்குள்ளேயே வரட்டும். தனி விளக்கம் வைத்தால் கதை அறுந்துவிடும். கடைசியில் குழியில் எண்ணெய் விழும்போது கடைப் பெயர், ஒரே ஒரு வேண்டுகோள். தள்ளுபடி, முகவரி, மூன்று போன் எண் எல்லாம் திணித்தால் எதுவும் நிற்காது.

போனை நிமிர்த்தி 9:16-ல் (அகலம் 9, உயரம் 16 என்ற விகிதம்) எடுங்கள். வெளிச்சம் ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் விழுந்தால் எண்ணெயின் நிறம் நன்றாகத் தெரியும். திரையின் அடியிலும் வலது ஓரத்திலும் எழுத்து வேண்டாம், லைக், ஷேர் பொத்தான்கள் மறைக்கும். ஒலியை அணைத்துப் பார்ப்பவர்களுக்காக வசனத்தைத் திரையில் எழுதுங்கள்; வரிக்கு 4 சொல் தாண்டினால் படிப்பது கஷ்டம் (தமிழ்ச் சொற்கள் நீளம்!). உரிமை வாங்காத சினிமாப் பாட்டால் ஒலி முடக்கப்படலாம். செக்கின் கிறீச் சத்தமே போதும். 'சர்க்கரை நோய் தீரும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்: உணவு விளம்பரத்தில் நோய் தீர்க்கும் என்று சொல்ல இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை.